கிணற்றடிக் கச்சேரி

“என்னங்க, வாயை மூடுங்க!”

சொன்னதோடு நிற்காமல் சொர்ணவல்லி தன் கையாலேயே கணவரின் வாயைப் பொத்தினாள். குழந்தைசாமியின் இரண்டு கைகளிலும் கிணற்றுக் கயிறு இருந்தது. வாளி பாதிக் கிணற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. கயிற்றை விட முடியவில்லை. மூச்சும் விட முடியவில்லை. மூக்கால் ‘ம்ம்ம்’ என்று முனகினார்.

“ஐயையோ, மூக்கால வேற பாடாதீங்க!”

ஒருவழியாக வாளியை மேலே இழுத்து வைத்ததும் குழந்தைசாமி முதலில் தம் காலடியைப் பார்த்தார். “என்ன சொர்ணம், பாம்பா?”

“பாம்பு வந்தாக்கூடத் தேவலை. இப்ப முணுமுணுத்தீங்களே, அது என்ன பாட்டு?”

“பாட்டா? நானா?”

அவர் பொய் சொல்லவில்லை. தண்ணீர் இறைக்கும்போது தமக்குள்ளிருந்து ஒரு மெட்டு வருகிறது என்பதே அவருக்குத் தெரியாது.

“விடியக்காலம் காங்கிரஸ்காரங்க வீதியில பாடிக்கிட்டுப் போறாங்களே, ‘ஏறுது பாரு ஏறுது பாரு, எங்க கொடி ஏறுது பாரு’ன்னு, அதே மெட்டுங்க. ஒரு இழுப்புக்கூட மாறலை.”

சொல்லிவிட்டுச் சொர்ணவல்லி மோவாயால் மதில் சுவரைக் காட்டினாள். சுவருக்கு அந்தப் பக்கம் புதிதாகக் குடிவந்திருப்பவர் போலீஸ் இன்ஸ்பெக்டர் ஆரோக்கியமுத்து. ஆவூர்க்காரர். விராலிமலையில் இருந்தவரைப் புதுக்கோட்டைக்கு மாற்றியதே அந்தப் பாட்டைக் கட்டியவன் யார் என்று கண்டுபிடிக்கத்தான் என்று வீதி முழுவதும் பேச்சு.

குழந்தைசாமி வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொள்ளாமல் அப்படியே கிணற்றடியில் உட்கார்ந்துவிட்டார்.

இயல்பாகவே அவர் பயந்த மனிதர். மாட்டைக் கண்டால் எதிர்ச் சாரிக்குப் போவார். இடி இடித்தால் பித்தளைப் பாத்திரங்களைக் கவிழ்த்து வைப்பார். ஜப்பான்காரன் குண்டு போடவேண்டும் என்று நினைத்தால் முதலில் தாம் குடியிருக்கும் வடக்கு இரண்டாம் வீதியில்தான் போடுவான் என்பது அவருடைய திடமான நம்பிக்கை. சித்திரையில் வீட்டுக் கிணற்றைத் தூர்வாரியபோது, உள்ளே இறங்கியவன் உயிரோடு மேலே வரவேண்டுமே என்ற பயத்தில் கச்சேரிக்கு லீவு போட்டுவிட்டு, சகதிக் கூடை ஒவ்வொன்றும் ஏறி வரும்வரை கிணற்றடியை விட்டு நகராமல் நின்றவர் அவர்.

கச்சேரி என்றால் சமஸ்தானத்துக் கச்சேரி, அதாவது அரசாங்க ஆபீஸ். அங்கே அவர் ஆக்டிங் குமாஸ்தா. பெண் பார்க்க வந்தபோது, “மாப்பிள்ளை கச்சேரியில இருக்காக” என்று தரகர் சொன்னதைக் கேட்டு, கறம்பக்குடியிலிருந்து வந்திருந்த சொர்ணவல்லியின் அத்தை, “அப்ப ஒரு பாட்டுப் பாடச் சொல்லுங்களேன்” என்று கேட்டுவிட்டாள். பாடத் தெரியாது என்று சொல்லவும் பயந்துகொண்டு அவர் இருமினார். அந்த இருமலுக்காகத்தான் சம்மதித்தேன் என்று சொர்ணவல்லி இன்றைக்கும் சொல்வாள்.

தசராவுக்குப் பிறகு வேலை நிரந்தரமாகும் என்று ஹெட் குமாஸ்தா பெரியண்ணன் சொல்லியிருந்தார். சொன்னதோடு, “கதர்த் துண்டு போட்டதுக்கே ஒருத்தனை வீட்டுக்கு அனுப்பிட்டாங்கப்பா, சூதானமா இரு” என்றும் சொல்லியிருந்தார். குழந்தைசாமிக்கு அரசியல் கிடையாது. யார் ஆண்டாலும் காகிதக் கட்டுக்கு நாடா கட்டத்தான் வேண்டும். நாடா கட்ட ஒரு குமாஸ்தா வேண்டும். அந்தக் குமாஸ்தா தாமாக இருக்க வேண்டும். அவருடைய கொள்கை அவ்வளவுதான். கதர்த் துண்டென்றால் பெட்டிக்குள் ஒளித்து வைக்கலாம். தொண்டைக்குள் உட்கார்ந்திருக்கும் மெட்டை எங்கே ஒளித்து வைப்பது?

“நான் அந்த ஊர்வலத்தைப் பார்த்ததுகூட இல்லையே, சொர்ணம். சத்தம் கேட்டாலே போர்வையை இழுத்து மூடிக்கிடுவேனே.”

“போர்வைக்குள்ள புகுந்திருச்சு போல.”

மறுநாள் காலை சொர்ணவல்லி ஒரு வழி கண்டுபிடித்தாள். தண்ணீர் இறைத்து முடிக்கும்வரை வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டிருக்க வேண்டும். வாய் நிறைந்திருந்தால் பாட்டு எப்படி வரும்?

குழந்தைசாமி கன்னம் இரண்டும் உப்ப, கயிற்றை இழுத்தார். நான்காவது வாளி ஏறும்போது மதிலுக்கு மேலே ஒரு பெரிய மீசை உதித்தது.

“என்ன சார், இன்னிக்குக் கச்சேரி இல்லையா?” என்றார் இன்ஸ்பெக்டர்.

குழந்தைசாமியின் வாயிலிருந்த தண்ணீர் முழுவதும் மதிலைத் தாண்டிப் போனது.

“இல்லைங்க! சத்தியமா இல்லைங்க! நான் கச்சேரியே பண்றதில்லைங்க! எனக்குப் பாடவே வராதுங்க!”

இன்ஸ்பெக்டர் துண்டால் மீசையைத் துடைத்துக்கொண்டார். “ஆபீசுக்குப் போகலையான்னு கேட்டேன் சார்.” சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “பாட்டைப் பத்தி நான் கேக்கவே இல்லையே?” என்றார். மீசை மெதுவாக அஸ்தமித்தது.

அன்று கச்சேரியில் குழந்தைசாமி ஒரே கட்டை மூன்று தடவை கட்டினார். மூன்றாவது தடவை தம் விரலையும் சேர்த்துக் கட்டினார்.

“இப்படிப் பயந்தா பிரயோசனம் இல்லைங்க,” என்றாள் சொர்ணவல்லி. “இது ஏதாவது பழைய பாட்டோட மெட்டா இருக்கும். அவங்க அதை எடுத்துக்கிட்டிருப்பாங்க. என்ன பாட்டுன்னு தெரிஞ்சிட்டா, ‘நான் பாடுறது அந்தச் சாமி பாட்டுங்க’ன்னு சொல்லிடலாமில்ல?”

சமஸ்தானத்தில் இவளுக்கல்லவா வேலை கொடுத்திருக்க வேண்டும் என்று குழந்தைசாமி பூரித்துப்போனார். சாயங்காலமே திருக்கோகர்ணத்துக்கு நடந்தார். கோயில் நாயனக்காரர் சோலையப்பன் அவருக்குத் தெரிந்தவர். மண்டபத்துத் தூணுக்குப் பின்னால் அவரை அழைத்துப் போய், காதோடு காதாக அந்த மெட்டை முனகிக் காட்டினார்.

சோலையப்பன் கண்ணை மூடிக் கேட்டார். “மோகனம் மாதிரி கெளம்புது. நடுவுல வேற எங்கிட்டோ போயிருது. கடைசியில எதையோ தொலைச்சிட்டுத் தேடுற மாதிரி இழுக்குது. இதுக்குத் தாய் தகப்பன் இல்லைங்க.”

“நல்லா யோசிச்சுப் பாருங்க. ஏதாவது அம்மன் பாட்டு?”

“இருங்க, வாசிச்சுப் பார்த்தாத்தான் புலப்படும்.”

“வேண்டாங்க!” என்று குழந்தைசாமி கையைப் பிடிப்பதற்குள் நாயனம் உதட்டுக்குப் போய்விட்டது. தூணுக்குப் பின்னால் ரகசியமாக வாசிக்கக்கூடிய வாத்தியமா அது? மூன்றாவது அடி முடிவதற்குள் கோயில் வாசலில் பூ விற்றவர்கள், வண்டிக்காரர்கள், சாமி கும்பிட வந்தவர்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். நான்காவது அடியில் யாரோ பாடத் தொடங்கினார்கள். ஐந்தாவது அடியில் எல்லாரும் பாடினார்கள். “வந்தே மாதரம்!” என்று ஒரு குரல் எழுந்தது.

“யாரு வாசிக்கச் சொன்னது?” என்று ஒருவர் கேட்டார்.

சோலையப்பன் பெருமையோடு, “நம்ம கச்சேரிக் குமாஸ்தா ஐயாதான்!” என்று கையைக் காட்டினார்.

காட்டிய இடத்தில் குழந்தைசாமி இல்லை. வழியில் இரண்டு மாடுகள் படுத்திருந்தன. அவற்றைத் தாண்டிக் குதித்து ஓடினார் என்று பிற்பாடு பார்த்தவர்கள் சொன்னார்கள்.

அந்த இரவு இருவரும் தூங்கவில்லை.

“வேலை போயிருச்சுன்னா என்னங்க பண்றது?”

“கறம்பக்குடிக்குப் போய் ஒங்க அத்தைக்குப் பாடிக் காட்ட வேண்டியதுதான்,” என்றார் குழந்தைசாமி. சொர்ணவல்லிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவருக்கு அழுகை மட்டும் வந்தது. ஆண்பிள்ளை ஆனதால் இருமினார்.

விடிந்தால் ஞாயிற்றுக்கிழமை. குழந்தைசாமி ஒரு முடிவோடு எழுந்தார். வாயை மூடிப் பார்த்தாகிவிட்டது. இனித் திறக்கவேண்டியதுதான். இன்ஸ்பெக்டர் காதில் விழும்படி ராஜபக்தியோடு உரக்கப் பாடிவிட்டால் சந்தேகம் தீர்ந்துபோகுமல்லவா? பள்ளிக்கூடத்தில் மகாராஜாவின் பிறந்த நாளுக்குப் பாடிய வாழ்த்து அவருக்கு இன்னும் மனப்பாடம்.

வாளியைக் கிணற்றில் விட்டார். கயிற்றை இழுத்தார். கண்ணை மூடிக்கொண்டு, தொண்டை கிழியப் பாடினார்:

“வாழிய மன்னர், வாழிய மன்னர், வையம் புகழ வாழியவே!”

வார்த்தைகள் மகாராஜாவுடையவை. மெட்டு காங்கிரஸ்காரர்களுடையது.

பாடி முடித்த பிறகுதான் அவருக்கே அது காதில் ஏறியது. அடுக்களை வாசலில் சொர்ணவல்லி இரண்டு கைகளாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். மதிலுக்கு அந்தப் பக்கம் பல் விளக்கும் சத்தம் நின்றுபோயிற்று.

“சார்,” என்றது மீசை. “கொஞ்சம் அங்கிட்டு வரலாமா?”

வேட்டியும் துண்டுமாக இன்ஸ்பெக்டர் ஆரோக்கியமுத்து வந்து கிணற்றடித் துவைகல்லில் உட்கார்ந்தார். குழந்தைசாமி நின்றார். அதாவது, கிணற்றுத் தூணைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“நேரடியாவே கேக்குறேன் சார். நேத்து ஊர்வலத்துல முன்னாடி நின்னு பாடினவனைப் பிடிச்சு வச்சிருக்கோம். மெட்டு யாரு குடுத்ததுன்னு கேட்டா, ‘குருநாதர் பேரைச் சொல்ல மாட்டேன்’கிறான். ஊர்ல இருக்கிற வித்வான்களை எல்லாம் கேட்டாச்சு. யாருக்கும் தெரியலை. ஒங்களுக்கு மட்டும் தினம் காலையில சுத்தமா வருது. எங்க கத்துக்கிட்டீங்க?”

“தெரியலைங்க.”

“மகாராஜா வாழ்த்தை அந்த மெட்டுல பாடினது கேலிக்கா?”

“ஐயோ, பக்திங்க!”

சொர்ணவல்லிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வந்தவருக்குக் காப்பி கொடுத்தால் கோபம் தணியுமோ என்று தோன்றியது. காப்பி போடத் தண்ணீர் வேண்டும். கிணற்றடிக்கு வந்து, வாளியை விட்டு, கயிற்றை இழுத்தாள்.

கீச்... கிக்கீ கீச்... கீஈஈ...

மூவரும் அண்ணாந்து பார்த்தார்கள். கயிறு ஏற ஏற, கிணற்று ராட்டினம் துருப்பிடித்த தொண்டையால் அழுதது. ‘ஏறுது பாரு ஏறுது பாரு.’ அதே எடுப்பு. நடுவில் அதே தடுமாற்றம். கடைசியில் எதையோ தொலைத்துவிட்டுத் தேடும் அதே இழுப்பு.

“ராட்டினம்!” என்று கத்தினார் குழந்தைசாமி. “ராட்டினம்தாங்க! அதுகிட்டத்தான் கத்துக்கிட்டேன்!”

இன்ஸ்பெக்டர் துள்ளி எழுந்தார். “வீட்டுல ராட்டினம் வேற வச்சிருக்கீங்களா? நூல் நூக்கிறீங்களா?”

“நூல் இல்லைங்க, தண்ணிங்க! தண்ணி எறைக்கிற ராட்டினம்! சொர்ணம், இன்னொரு வாளி இழு!”

இன்னொரு வாளி ஏறியது. இன்ஸ்பெக்டரின் மீசை முதலில் ஒரு பக்கம் துடித்தது. பிறகு இரண்டு பக்கமும் துடித்தது. அப்புறம் அவர் துவைகல்லில் விழுந்து விழுந்து சிரித்தார்.

“காங்கிரஸ்காரன் வீட்டு ராட்டினம் நூல் நூக்கும். ஒங்க வீட்டு ராட்டினம் பாட்டே பாடுதே சார்! விராலிமலையில எங்க வீட்டு ராட்டினமும் இப்படித்தான் அழும். அந்தப் பய எந்தக் கெணத்தடியில நின்னு கத்துக்கிட்டானோ! போங்க சார், எண்ணெய் விடுங்க. வேலை நிரந்தரமாகப் போகுதாமே? என்கிட்ட விசாரிச்சா நல்லபடியாவே சொல்றேன்.”

காப்பி வந்தது. குழந்தைசாமிக்குப் பல நாள்களுக்குப் பிறகு மூச்சு முழுதாக உள்ளே போய் வெளியே வந்தது. வானத்தில் ஜப்பான்காரன் வந்தால்கூட உட்காரச் சொல்லிக் காப்பி கொடுத்திருப்பார்.

அப்போது கொல்லைக் கதவைத் தள்ளிக்கொண்டு, தலையில் பானையோடு மோர்க்காரி முனியாயி வந்தாள். பானையை இறக்கிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு குழந்தைசாமியைப் பார்த்தாள். பிறகு இன்ஸ்பெக்டரைப் பார்த்துச் சற்றுத் தயங்கினாள்.

“ஐயாகிட்ட ஒரு சேதி சொல்லணும். இவுக யாரு, ஒறவுக்காரவுகளா?”

“பக்கத்து வீடுதான் தாயி. நீ பாட்டுக்குச் சொல்லு,” என்றார் இன்ஸ்பெக்டர், காப்பியை உறிஞ்சிக்கொண்டே.

“என் தம்பி நாகராசை நேத்துப் பிடிச்சுட்டுப் போயிட்டாகங்க, இப்பத்தான் ஸ்டேசன்ல பார்த்துட்டு வாரேன். சித்திரையில இந்தக் கெணத்தைத் தூர்வார எறங்கினானே, அவன்தாங்க. அந்த இருட்டுக்குள்ள மண்ணு சரிஞ்சு உசுரே போச்சுன்னு இருந்தப்ப, மேல நின்னு ஐயா ‘ஏறுது பாரு, ஏறுது பாரு’ன்னு விடாமப் பாடினதுதான் தனக்குத் தெம்புன்னு சொல்லிச் சொல்லியே அதைக் கொடிப் பாட்டா ஆக்கிட்டான்.”

குழந்தைசாமி இருமினார். பலமாக இருமினார். முனியாயி அதைக் கவனிக்கவில்லை.

“ஐயா கவலைப்படவே வேண்டாமாம்ங்க, ‘புதுசா வந்திருக்கிற அந்த இன்ஸ்பெக்டரு தலைகீழா நின்னாலும் ஐயா பேரு என் வாயில வராது, ஐயா பயப்படாம வழக்கம்போலக் கச்சேரிக்குப் போயிட்டு வரட்டும்’னு சொல்லச் சொன்னான்ங்க!”