மீசையோடு ஏறிய புடவைகள்

அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்கு அவசரத்தோடு கம்ப்யூட்டர் படிப்பும் இருந்தது. இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் சேதாரம் வீட்டோடு நிற்காது, ஊரைச் சுற்றிவிட்டுத்தான் வரும்.

ஆரணியில் என் அக்கா கலைச்செல்வி, பட்டுப் புடவைகளை இணையத்தில் விற்கும் கடையைத் தொடங்கியிருந்தாள். வெப்சைட்டுக்கு நான் பொறுப்பு. படத்துக்குப் புடவை கட்டி நிற்க ஓர் ஆள் வேண்டும். அக்கா கேமரா பிடிக்க வேண்டும். வீட்டில் மிச்சம் இருந்தது நான்.

"கழுத்துக்கு மேல வெட்டிடப் போறேன். எவனுக்குடா தெரியப்போவுது?" என்றாள். கட்டிக்கொண்டேன். (பேன்ட்டுக்கு மேலேதான். மானம் என்று ஒன்று இருந்தது.)

மீசை, மூக்குக்கண்ணாடி எல்லாம் தெரிகிற படங்கள் ஒரு ஃபோல்டரில். தலை வெட்டிய படங்கள் இன்னொன்றில். இரண்டிலும் படங்களின் பெயர்கள் ஒன்றேதான். சோம்பேறித்தனத்துக்கு நான் வைத்திருந்த பெயர் 'சிஸ்டம்'.

அந்தச் சமயத்தில்தான் போளூரில் எனக்குப் பெண் பார்த்துவிட்டு வந்திருந்தோம். பெயர் சுமதி. எங்களைப் போலவே தறிக்காரக் குடும்பம். எனக்கு அவளை மிகவும் பிடித்துப்போயிற்று. அவளுக்கு என்னைப் பிடித்ததா என்பது தெரியவில்லை. படங்களை ஏற்றவிருந்த நாளன்று சாயங்காலம் முடிவைச் சொல்வதாக அவள் அப்பா சொல்லியிருந்தார். காலையிலிருந்தே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சும்மா இருந்திருக்கலாம். 'மாமா, இது நான் செய்த வெப்சைட். பதினோரு மணிக்குப் புதுப் புடவைகள் வரும், எல்லோரும் பாருங்க' என்று அவருக்கு வாட்ஸப்பில் லிங்க் அனுப்பினேன். (அவர் இன்னும் மாமா ஆகவில்லை. அவசரம்.)

பதினோரு மணிக்கு உட்கார்ந்தேன். திரையின் இடப்பக்கம் எங்கள் கம்ப்யூட்டர், வலப்பக்கம் எங்கேயோ இருக்கிற சர்வர். அக்காவுக்குப் பாடம் எடுத்தேன்.

"இது சும்மா போறதில்லக்கா. பூட்டி, சீல் வெச்சிப் போவுது. நடுவுல எவன் புடிச்சிப் பாத்தாலும் ஒண்ணும் புரியாது."

"அங்க போனப்புறம்?"

"அங்க தானா பிரிஞ்சிடும். ஊரே பாக்கலாம்."

"சரி, ஜல்தி ஏத்துடா. பேசிகினே இருக்காத."

ஒரு கண் திரையில், ஒரு கண் போனில். மாமா பார்த்துவிட்டாரா என்று நீல டிக்கைத் தேடியபடியே ஃபோல்டரை இழுத்து வலப்பக்கம் போட்டேன். எல்லாம் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. இணைப்பைத் துண்டித்தேன்.

அக்கா போனில் சைட்டைத் திறந்தாள். போனைக் கண்ணருகே கொண்டுபோனாள்.

"சேகரு, இன்னாடா நீ நிக்கிற?"

பச்சையில் நான், அரக்கில் நான், மாம்பழ மஞ்சளில் இடுப்பில் கை வைத்தபடி நான். போயிருந்தது மீசை ஃபோல்டர். அதே நிமிடம் போனில் நீல டிக் விழுந்தது.

அனுப்பிய லிங்க்கை அழித்தேன். (பார்த்து முடித்தவருக்கு அழித்து என்ன பயன்?) படங்களை மாற்ற சர்வருக்குள் மறுபடி நுழைய வேண்டும். பாஸ்வேர்டை எங்கும் சேமிக்கக் கூடாது என்பது என் கொள்கை. மூன்று முறை தப்பாக அடித்தால் ஒரு மணி நேரம் உள்ளே விடாதே என்று திருடர்களுக்காக சர்வரில் ஏற்பாடு செய்து வைத்தவனும் நானே. அவசர அவசரமாக அடித்தேன். தப்பு, தப்பு, தப்பு. கதவு சாத்திக்கொண்டது.

வேறு இணைப்பிலிருந்து போனால் விடும். என் போனின் நெட்டை வைத்து முயன்றேன். அங்கேயும் மூன்று தப்பு. லேப்டாப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பக்கத்து பவர்லூம்காரர் ஏகாம்பரம் அண்ணன் வீட்டு வைஃபைக்கு ஓடினேன். பின்னாலேயே அக்கா. அண்ணன் கையில் போனோடு தறிச் சத்தத்தை மீறிக் கத்தினார்.

"பாத்துகினுதான் இருக்கேன் சேகரு. பச்ச உனக்கு எடுப்பாத்தான் கீதுபா."

அங்கேயும் இரண்டு தப்பு. எனக்கு அழுகையே வந்துவிட்டது. மூன்றாவது அடிக்கப் போகும்போது அக்கா கையைப் பிடித்தாள். கேப்ஸ் லாக் போட்டிருந்ததாம். உள்ளே போய், மீசைகளை எல்லாம் அழித்துவிட்டு வெளியே வந்தேன்.

சாயங்காலம் வரை கூடத்தில் நடந்துகொண்டே இருந்தேன். போன் அடித்தது. சுமதியின் அப்பா. "இருங்க, பாப்பா பேசணுங்குது" என்றார். முடிந்தது கதை என்று நினைத்தேன். சுமதி போனை வாங்கினாள்.

"அந்தப் பச்சப் பொடவைல முந்தானைய உள்பக்கம் வெளிய தெரியறாப்ல போட்டுகினு இருந்தீங்க. ஜரிகை வெட்டின நூலெல்லாம் தெரியுது. தறி வீட்ல பொறந்துட்டு இதக்கூட பாக்க மாட்டீங்களா?"

"அது... போட்டோ எடுத்தது எங்க அக்கா."

"கட்டினது நீங்கதானே?"

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"சரி, அதுக்குள்ள ஏன் எடுத்துட்டீங்க? எங்க சித்தி இன்னும் பாக்கல." குரலைத் தாழ்த்தினாள். "எங்க வீட்ல எல்லாருக்கும் சம்மதம். எனக்கும்தான்."

அப்போதுதான் உட்கார்ந்தேன்.

கல்யாணத்தன்று சுமதியிடம் முகூர்த்தப் புடவைத் தட்டை நான் நீட்டியபோது, அந்தச் சித்தி எல்லோர் முன்னாலும் என்னைப் பார்த்து, "மாப்ள, ஒருக்கா கட்டிக் காட்டிட்டுக் குடுங்க" என்றார். மண்டபம் அடங்க நேரமாயிற்று. இன்றைக்கும் போளூரில் மாமியார் வீட்டுக்குப் போனால், யாருக்குப் புதுப் புடவை எடுத்திருந்தாலும் முதலில் என் தோளில்தான் போட்டுப் பார்க்கிறார்கள். நானும் நல்ல பக்கம் வெளியே இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.