ஏழு மாத மிக்ஸிங்

வீட்டிலேயே பாட்டைப் பதிவு செய்து, வீட்டிலேயே அதை ஸ்டூடியோ தரத்துக்குக் கொண்டுவந்தே தீருவேன் என்று சபதம் எடுத்த ஒருவரை உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாது என்று சொல்லித் தப்பிக்காதீர்கள். உங்கள் தெருவில் இல்லாவிட்டால் அடுத்த தெருவில் இருப்பார். அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். நீங்கள் உங்கள் வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது தலையை ஒரு பக்கம் சாய்த்து, கண்ணைச் சுருக்கி, "உங்க குரல்ல அடிச்சத்தம், அதான் பேஸ், கொஞ்சம் தூக்கலா இருக்கு, கவனிச்சிருக்கீங்களா?" என்பார். கஷ்டம் அவர் காதில் விழவில்லை. உலகத்தில் பாடுகிறவர்கள் உண்டு, கேட்கிறவர்கள் உண்டு. இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு இரண்டு பேரையும் காக்க வைக்கிற மூன்றாவது இனம் இவர்.

நம் கைக்குக் கிடைத்திருப்பவர் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் விபத்து மனுக்களைச் சரிபார்க்கிறவர். பகல் முழுக்க நசுங்கிய கார்களின் புகைப்படங்களைப் பார்த்து, "இந்தக் கீறல் பழைய கீறல்" என்று எழுதுவது தொழில். அந்தக் கண்ணை மாலையில் காதாக மாற்றிக்கொண்டு வீட்டுக்கு வருவார். நம்மவர் என்றே அவரைச் சொல்வோம். அவர் வீட்டில் படுக்கையறை இரண்டு. ஒன்றில் ஆட்கள் படுக்கிறார்கள். இன்னொன்றில் மெத்தை நிற்கிறது. ஆமாம், சுவரோடு சுவராக நிற்கிறது, எதிரொலியை உறிஞ்சுவதற்காக. ஜன்னலுக்குக் கம்பளி, கதவிடுக்குக்குக் கிழிந்த துண்டு, பாடுகிறவர் நிற்பதற்குத் துணி அலமாரி. அங்கே இருந்த துணிகள் எங்கே என்று கேட்கிறீர்களா? அங்கேயேதான் இருக்கின்றன. கோட்டுக்கும் போர்வைக்கும் நடுவே முகத்தை நுழைத்துப் பாட வேண்டும். அப்போதுதான் குரல் சுத்தமாக வருமாம்.

இந்த அலமாரிக்குள் ஏழு மாதத்துக்கு முன்னால் ஒருநாள் நம்மவரின் மச்சினி நுழைந்தாள். மனைவியின் தங்கை, ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை, நாள் முழுக்க ஊசி குத்தினாலும் யாரும் திட்டாத கை. அவள் தன் அப்பாவைப் பற்றி ஒரு பாட்டு எழுதி, தானே மெட்டும் போட்டிருந்தாள். அப்பா நாற்பது வருஷம் லாரி எஞ்சின் மெக்கானிக். கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்டே எந்த சிலிண்டரில் கோளாறு என்று சொல்லிவிடுவார். அந்த எஞ்சின்களோ, சொன்னதற்குக் கூலியாக அவர் காதையே வாங்கிக்கொண்டன. காது டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்: "இன்னைக்குக் கேக்கிறது ஆறு மாசம் கழிச்சும் கேக்கும்னு நான் சொல்ல மாட்டேன். மெஷின் வெச்சா பேச்சு கொஞ்சம் புரியும். பாட்டு சந்தேகம்தான்."

அப்பாவுக்கு எழுபதாவது பிறந்தநாள் வர மூன்று வாரம் இருந்தது. அன்றைக்கு அந்தப் பாட்டை அவருக்குப் போட்டுக் காட்ட வேண்டும். நேரில் பாடலாமே என்று அக்கா கேட்டதற்கு, "அப்பா மூஞ்சியப் பார்த்துப் பாடினா முதல் வரியிலேயே அழுதிடுவேன்கா" என்றாள் மச்சினி. அதனால்தான் பதிவு.

"மூணு வாரம் இருக்கா? மூணு நாள் போதும்" என்றார் நம்மவர். இந்த இனம் சொல்லும் முதல் பொய் இதுதான். சொல்லும்போது அவர்களே நம்பிச் சொல்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை.

பதிவு ஒரே மூச்சில் முடிந்தது. மின்விசிறி நின்றது, குளிர்பெட்டி நின்றது, சுவர்க் கடிகாரம் கழற்றப்பட்டுக் குளியலறைக்கு நாடு கடத்தப்பட்டது. மச்சினி போர்வைக்குள் முகம் புதைத்துப் பாடினாள். நடுவில் ஒரு இடத்தில் குரல் தடுமாறி, தடுமாறியதற்குத் தானே சிரித்து, சிரிப்போடு அடுத்த வரியைப் பிடித்துக்கொண்டாள். வெளியே நின்ற அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. "நல்லா வந்திருச்சு அத்தான், இப்படியே குடுத்துடலாம்" என்றாள் மச்சினி. நம்மவர் பெரிய மனது பண்ணிச் சிரித்தார். "இது வெறும் பச்சை மாவும்மா. இனிமேதான் அடுப்பையே பத்த வைக்கணும்." அந்த உற்சாகத்தில் குளிர்பெட்டியைத் திரும்பப் போட மறந்துவிட்டார். மறுநாள் பால் திரிந்தது.

மிக்ஸிங் என்கிற அடுப்பு பற்றியது. பற்றியது அணையவே இல்லை.

முதல் மாதம் மூச்சுக்களை எடுத்தார். பாட்டில் மச்சினி முப்பத்தெட்டு இடத்தில் மூச்சு விட்டிருந்தாளாம். அத்தனையையும் கத்தரித்தார். கேட்டவர்களுக்கு, இந்தப் பெண் எப்போதுதான் மூச்சு விடுவாள் என்று தங்களுக்கே மூச்சு முட்டியது. அந்தச் சிரிப்பும் போயிற்று. "அது அழுக்கு" என்றார். பிறந்தநாள் வந்தது, கேக் வெட்டினார்கள், அப்பா ஊதினார், பாட்டு வரவில்லை. "போன்ல போட்டாவது காட்டிடலாமே" என்ற மனைவியை நம்மவர் பார்த்த பார்வை இருக்கிறதே, குழந்தையைச் சட்டை போடாமல் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பச் சொன்னவளைப் பார்க்கிற பார்வை.

இரண்டாவது மாதம் குரலுக்கு இடம் கொடுத்தார். அலமாரிக்குள் பாடினவளைப் பெரிய மண்டபத்தில் பாடியதாக மாற்றுவதற்குப் பெயர் இடம் கொடுப்பது. முதலில் மண்டபம், பிறகு சுரங்கம், பிறகு மலைப் பள்ளத்தாக்கு. மூன்றாவது மாதம் எல்லாச் சத்தத்தையும் அழுத்திச் சமப்படுத்தினார். மெல்லப் பாடின இடமும் உரக்கப் பாடின இடமும் சீருடை போட்ட பிள்ளைகள் மாதிரி ஒரே உயரத்தில் நின்றன. ஒவ்வொரு தடவையும் கோப்புக்கு ஒரு பெயர்: இறுதி, இறுதி இரண்டு, உண்மையான இறுதி, இதுதான் இறுதி, இறுதி பழையது, இறுதி பழையது புதியது. கணக்கு ஆசிரியையான மனைவியே எண்ணுவதை விட்டுவிட்டாள்.

பிறகு பரீட்சைகள். நல்ல ஸ்பீக்கரில் கேட்டால் போதாதாம், எல்லா ஓட்டை ஸ்பீக்கரிலும் கேட்டுப் பார்க்க வேண்டுமாம். சமையலறை ரேடியோ, போன், ஒரு பக்கம் செத்துப்போன ஹெட்போன். எல்லாவற்றுக்கும் மேலாக, காரில். நம்மவரிடம் கார் இல்லை. எதிர் வீட்டுப் பல் டாக்டரிடம் இருந்தது. பாவம், ஊரார் வாயைத் திறக்கச் சொல்லிப் பழகின மனிதர், வாயை மூடிக்கொண்டு தன் காரிலேயே பின்சீட்டில் உட்கார்ந்து கேட்பார்.

"போன வாரம் கேட்டதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?"

"மேல ஒரு துளி காத்து சேர்த்திருக்கேன் டாக்டர். தெரியல?"

"ஓ, காத்து. தெரியுது, தெரியுது" என்று டாக்டர் ஜன்னல் கண்ணாடியை இறக்குவார்.

மனைவிக்கு வேறு விதமான பரீட்சை. அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது அழைப்பு வரும். "இது ஒண்ணு... இது ரெண்டு. எது நல்லா இருக்கு?" அவள் கரண்டியோடு வந்து, "ரெண்டு" என்பாள். எதைப் போட்டாலும் ரெண்டுதான். அதைச் சொன்னால் சீக்கிரம் விடுதலை என்று அனுபவத்தில் கண்டிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை இருபது நிமிஷம் திரையில் ஒரே குமிழைத் திருகினார் நம்மவர். கொஞ்சம் வலப்பக்கம் திருப்பினால் குரல் பளிச்சென்று ஆகிறது. இடப்பக்கம் திருப்பினால் கனம் வருகிறது. நடுவில் ஒரு மயிரிழை இடத்தில் சொர்க்கமே திறக்கிறது. அந்த மயிரிழையைப் பிடித்துவிட்டு மனைவியைக் கூப்பிட்டார். அவள் திரையை எட்டிப் பார்த்து, "என்னங்க, இது ஆஃப்ல இல்ல இருக்கு?" என்றாள். பார்த்தார். ஆமாம். அந்தக் குமிழுக்கும் பாட்டுக்கும் தொடர்பே இல்லை. அது அணைந்துதான் கிடந்தது, இருபது நிமிஷமும். நீங்களும் நானும் என்றால் அன்றோடு கடையைக் கட்டியிருப்போம். நம்மவர் அசரவில்லை. "பார்த்தியா, காது எவ்வளவு நுட்பமா ஆயிடுச்சு. இல்லாததே கேக்குது" என்றார்.

இதற்கு நடுவே மச்சினி வாரம் ஒரு தடவை போன் செய்வாள்.

"அத்தான், ஆச்சா?"

"தொண்ணூறு சதவீதம் ஆச்சும்மா."

"போன மாசமும் தொண்ணூறுதானே?"

"அது போன மாசத்துத் தொண்ணூறு."

ஒருநாள் நேரிலேயே வந்து பாட்டைக் கேட்டாள். முழுதும் கேட்டுவிட்டு ஹெட்போனை மெதுவாகக் கழற்றி வைத்தாள். "இது நான்தானா அத்தான்?"

"நீதான். கொஞ்சம் துடைச்சு வெச்ச நீ."

அவள் அத்தானை எதிர்த்துப் பேசுகிற பெண் இல்லை. "அப்பாவுக்கு இப்ப காலிங் பெல் கேக்கிறதில்ல அத்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

இப்போது ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஐந்தாவது மாதம் மாமனாரைக் காது டாக்டரிடம் கூட்டிப்போனது நம்மவர்தான். டாக்டர் ஒரு வரைபடத்தைக் காட்டினார். கோடு இடமிருந்து வந்து, பாதி தாண்டியதும் மலையிலிருந்து விழுகிற மாதிரி விழுந்தது. "கீச்சுச் சத்தம், மெல்லிசான சத்தம் எல்லாம் முதல்ல போயிடும். இவருக்குப் போயாச்சு. கிட்ட உக்காந்து, நேரா, நிதானமா பேசினாத்தான் கேக்கும்." வேறு யாராவது என்றால் மனசு உடைந்திருக்கும். நம்மவர் அந்தக் கோட்டைத் தொழில் முறையில் ரசித்தார். "மேல நல்லா வெட்டியிருக்கு" என்றார். டாக்டருக்கு இவரும் டாக்டரோ என்று சந்தேகம் வந்துவிட்டது. வீட்டுக்கு வந்தார், அறைக் கதவைச் சாத்தினார், இன்னும் இரண்டு மாதம் உட்கார்ந்து, பாட்டின் உச்சியில், அந்தக் கீச்சுச் சத்தங்களில், மினுமினுவென்று ஒரு பளபளப்பை ஏற்றினார். எந்த இடத்தில்? அந்தக் கோடு விழுந்து கிடந்த அதே இடத்தில். யாருக்காக அந்தப் பாட்டோ, அவர் ஒருவருக்கு மட்டும் கேட்காத இடத்தில். மனைவி அதைச் சொல்லிப் பார்த்தாள். "தரம்னு ஒண்ணு இருக்கில்ல" என்றார்.

ஏழாவது மாதம், ஒரு ஞாயிறு காலை, பாட்டு முடிந்துவிட்டது என்று அறிவிப்பு வந்தது. நம்மவர் ஸ்பீக்கர் இரண்டையும் சுமந்துகொண்டு மாமனார் வீட்டுக் கூடத்தில் இறங்கினார். அளவு நாடாவால் அளந்து நாற்காலி போட்டார். "மாமா, தலைய அசைக்காதீங்க. அந்த இடம்தான் சரியான இடம்." மாமனார் போட்டோவுக்கு உட்கார்ந்தவர் போல விறைப்பாக உட்கார்ந்தார். மூத்த மகள் பக்கத்தில். இளைய மகள் தூரத்தில், சுவரோரம், அப்பாவின் முகம் தெரியாத இடமாகப் பார்த்து.

பாட்டு ஓடியது. ஸ்டூடியோ தரம்தான், அதில் குறை சொல்ல முடியாது. மாமனார் கண்ணை மூடி, ஒரு எஞ்சினைக் கேட்பது போலவே கேட்டார். முடிந்ததும் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். மரியாதை தெரிந்த மனிதர்.

"நல்லா இருக்கு மாப்பிள்ளை. எல்லாம் ஒரே சீரா ஓடுது." கொஞ்சம் தயங்கினார். "யாரோ பொண்ணு பாடுது, இல்ல? என்ன சொல்லிப் பாடுது அது?"

நம்மவர் எழுந்தார். "மாமா, மேல ரெண்டு புள்ளி குறைச்சுட்டு, ஒரு பத்து நிமிஷம்..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். பிறந்தநாளன்று இந்த மனிதருக்குக் காலிங் பெல் கேட்டுக்கொண்டிருந்தது. கேக் வெட்டும்போது கைதட்டலைக் கேட்டுத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அன்றைக்குப் போனில் போட்டிருந்தால் போதும். அது நம்மவருக்கு அப்போதுதான் உறைத்தது. வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன்னை நினைத்துத் தானே வெட்கப்பட்டார்.

மச்சினி சுவரோரத்திலிருந்து வந்தாள். ஸ்பீக்கரை அணைத்தாள். அத்தான் அளந்து போட்ட நாற்காலியை இழுத்து ஜன்னல் பக்கம் திருப்பி, அப்பாவின் இடது காதோடு வாயை வைத்து, நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகப் பாடினாள். முதல் வரியிலேயே அழுதாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு விட்ட இடத்தில் பிடித்தாள். 'கிரீஸ் படிந்த கையாலே எனக்குச் சடை பின்னிவிட்டு' என்ற வரி வந்தபோது கிழவர் சிரித்துவிட்டார்.

"கோணலாத்தான் பின்னினேன்" என்றார். "உங்கம்மா ஆஸ்பத்திரியில இருந்தா. எனக்கு வேற என்ன தெரியும்."

"பள்ளிக்கூடத்துல எல்லாரும் சிரிச்சாங்கப்பா."

"சிரிச்சாங்களா? சொல்லவே இல்லியே நீ. சரி, மேல பாடு."

பாடினாள். சுருதி இரண்டு இடத்தில் விலகியது. தெருவில் ஒரு வண்டி ஹாரன் அடித்தது. மூச்சு வாங்கியது முப்பத்தெட்டுக்கும் மேலேயே இருக்கும். முழுப் பாட்டும் அப்பாவுக்குப் போய்ச் சேர்ந்தது.

நம்மவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உண்மையான கண்ணீர்தான், அதில் சந்தேகம் வேண்டாம். துடைத்த கை சும்மா இருந்ததா என்றால், இல்லை. பையில் போனைத் தேடியது. "இன்னொரு தடவை பாடும்மா. இதை அப்படியே பதிவு பண்ணி, அந்த ஹாரனை மட்டும் எடுத்துட்டா..."

"மாப்பிள்ளை" என்றார் மாமனார். எப்படித்தான் அது மட்டும் காதில் விழுந்ததோ. "நீங்க கொஞ்சம் உக்காருங்க."

உட்கார்ந்தார்.

சிரிக்கிறீர்கள். உங்களிடம் மைக் இல்லை, மெத்தை படுத்துத்தான் கிடக்கிறது, அலமாரியில் துணி மட்டும்தான். இருக்கட்டும். ஒரு மன்னிப்புக் கடிதம், பாதி எழுதி, சரியான சொல் கிடைக்கட்டும் என்று வைத்திருக்கிறீர்களே, அது எத்தனையாவது மாதம்? வீட்டுக்கு வெள்ளையடித்துவிட்டுக் கூப்பிடலாம் என்று ஒரு சிநேகிதரை நிறுத்தி வைத்திருக்கிறீர்களே, அவருக்கு இப்போது மாடிப்படி ஏற முடிகிறதா? தெரியாது. விசாரித்தும் பார்க்கவில்லை. இன்றைக்கே அந்தக் கடிதத்தை அனுப்பிவிடலாமே என்று சொல்கிறேன். உள்ளே ஒரு குரல், "அனுப்பலாம்தான், அந்த ரெண்டாவது வரி மட்டும் சரியா அமையல" என்று இழுக்கிறதா? தலையைக் கொஞ்சம் ஒரு பக்கம் சாய்த்துச் சொல்கிறதா?

வாருங்கள், உங்களைத்தான் இவ்வளவு நேரமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.