ழ இல்லாத வீட்டிலிருந்து அத்தைக்கு ஒரு கம்ப்யூட்டர்

அன்பும் மரியாதையும் கொஞ்சம் பயமும் கலந்த அத்தை அவர்களுக்கு,

உங்கள் அண்ணன் மகன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே அப்பா, அம்மா, அக்கா, நான் ஆகிய நால்வரும் சௌக்கியம். ஐந்தாவது ஆள்தான் வீட்டைவிட்டுக் கிளம்புகிறார். ஹாலில் ஜன்னலோர மேஜையை ஆண்டுவந்த பெருமதிப்புக்குரிய கம்ப்யூட்டர் அவர்கள், நீண்டகால உழைப்புக்கும் அதைவிட நீண்டகாலத் தூக்கத்துக்கும் பிறகு, உங்கள் வீட்டுக்கு மாற்றலாகி வருகிறார் என்பதைப் பெருமிதத்தோடு அறிவிக்கிறேன். அவர் இருந்த இடத்தில் தூசியால் ஆன ஒரு சதுரம் மட்டும் மிஞ்சியிருந்தது. அம்மா அதையும் துடைத்துவிட்டாள். அவ்வளவுதான் உலகம்.

நீங்கள் வேலை பார்த்த அச்சகத்தை மூடிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. இப்போது ஒரு கம்பெனி உங்களுக்கு வீட்டிலிருந்தே டைப் அடிக்கும் வேலை தரப்போகிறது, திங்கட்கிழமைக்குள் ஒரு சின்னப் புத்தகத்தைப் பிழையில்லாமல் அடித்து அனுப்பினால் வேலை உங்களுக்கு, இல்லாவிட்டால் அடுத்தவருக்கு என்று நீங்கள் போனில் சொன்னதும், அப்பா போனை வைக்கக்கூட இல்லை, "பளைய கம்ப்யூட்டரைச் சுத்தமா அளிச்சிட்டு அத்தைக்கு அனுப்புடா" என்று என் தலையில் கட்டிவிட்டார். உங்கள் அண்ணனுக்கு ழ வராது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அவர் வாயில் வாழைப்பழம் நுழையும், வார்த்தையாக வெளியே வரும்போது வாளைப்பளமாகத்தான் வரும்.

முதல் கண்டம் பாஸ்வேர்டு. அப்பாவுக்கு மறந்துபோயிருந்தது. துப்புக் கேட்டால் 'என் உயிர்' என்று காட்டுகிறது. அம்மா சமையலறை வாசலில் கரண்டியோடு வந்து நின்றாள். அப்பா வெற்றிப் புன்னகையோடு அம்மா பெயரை அடித்தார். தப்பு என்றது. அக்கா பெயர், தப்பு. என் பெயர், எனக்கே நம்பிக்கையில்லை, தப்பு. அப்பாவுக்கு நெற்றியெல்லாம் வியர்வை. கடைசியில், எப்போதோ விற்றுவிட்ட ஸ்கூட்டரின் நம்பரை நான் சமயோசிதமாக அடித்துப் பார்க்க, கதவு திறந்தது. "இன்னிக்கு ராத்திரி சாப்பாட்டை அந்த ஸ்கூட்டரையே போடச் சொல்லுங்க" என்றாள் அம்மா.

அடுத்து, அப்பா சொன்னதைச் சொன்னபடி செய்தேன். அளி என்றால் கொடு. அழி என்றால் இல்லாமல் பண்ணு. அவர் அளிக்கச் சொன்னார், அதனால் உள்ளே இருந்த எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்து 'அத்தைக்கு அளிக்கப்பட்டவை' என்று பெயர் வைத்தேன். அதில் 'வருமான வரி' என்று ஒரு ஃபோல்டர். அப்பாவின் வருமானத்துக்கு இவ்வளவு வரியா என்று திறந்தால், உள்ளே இருந்து அப்பா பாடுகிறார். ஒன்றா இரண்டா, ஏகப்பட்ட பாட்டு, எல்லாம் அவரே பாடிப் பதிவு செய்தது. ஸ்பீக்கர் முழுச் சத்தத்தில் இருந்தது என் குற்றமல்ல. அப்பா குளியலறையிலிருந்து துண்டோடு ஓடிவந்தார்.

"டேய், அளிடா அதை."

"அதாம்பா அளிச்சிட்டிருக்கேன். எல்லாமே அத்தைக்குத்தான்."

"அந்த அளி இல்லடா. அளி. அளி."

"இப்ப சொன்னதுக்கும் முன்னாடி சொன்னதுக்கும் என்னப்பா வித்தியாசம்?"

"உன்னையே அளிச்சிடுவேன் பாரு."

அக்கா சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா தலையைத் துவட்டிக்கொண்டார். பிறகு, "ஒரே ஒரு பாட்டு இருக்கட்டும். சின்ன வயசுல அவளும் நானும் சேந்து பாடுவோம். வேலை கெடைச்சதும் கேக்கச் சொல்லு. கெடைக்கலைன்னாலும் கேக்கச் சொல்லு" என்றார். அந்த ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் அழிந்தது. அக்கம்பக்கத்தார் சார்பில் நன்றி.

கடைசிக் கண்டம் கீபோர்டு. அதில் ழ கீ இயற்கை மரணம் அடைந்திருந்தது. எவ்வளவு குத்தினாலும் எழவில்லை. "அந்த எளுத்து இல்லாட்டி என்ன, குடியா முளுகிடும்?" என்றார் அப்பா, ழ இல்லாமலே குடும்பம் நடத்திக் காட்டியவர் என்ற தைரியத்தில். ஆனால் பிழையில்லாமல் அடிக்கவேண்டிய நீங்கள் 'தமிள்' என்று அனுப்பினால் கம்பெனிக்காரர்கள் என்ன நினைப்பார்கள்? ஆகவே ஒரு மாபெரும் யோசனை செய்தேன். மூன்று புள்ளி வைத்துக்கொண்டு வேலைவெட்டி இல்லாமல் உட்கார்ந்திருக்கிறதே, ஆய்த எழுத்து, அந்த ஃ கீயை அழுத்தினால் ழ வரும்படி மாற்றிவிட்டேன். அஃது இஃது என்று இந்தக் காலத்தில் யார் பேசுகிறார்கள்? இப்படியாகத் துடைத்து, அழித்து, பழுது பார்த்து, பெட்டியில் வைத்துக் கட்டியது அனைத்தும் அடியேன் ஒருவனே. இதில் அக்காவின் பங்கு, பக்கத்தில் நின்று பெருமூச்சு விட்டது.

ஆசி வழங்கும் வயது எனக்கு இன்னும் வரவில்லை. ஆகவே உங்கள் விரல்கள் பத்தும் நீடூழி வாழ்க என்று வேண்டிக்கொண்டு, உங்கள் ஆசியை இருக்கும் இடத்திலிருந்தே கையேந்திப் பெற்றுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாலு
(நல்லவேளை, இதில் ழ இல்லை)

பின்குறிப்பு: பெட்டியை ஒட்டி முடித்த பிறகு சும்மா உங்களுக்குப் போன் செய்தேன், ஞாபகம் இருக்கிறதா? "என்ன புத்தகம் அத்தை அடிக்கப்போறீங்க?" என்று கேட்டேன். "சீலிங் ஃபேன் வாங்குறவங்களுக்குக் கொடுக்கிற புத்தகம்டா. எப்படி மாட்டணும், எப்படித் துடைக்கணும்னு. வரிக்கு வரி ஃபேன்தான்" என்றீர்கள். போனை வைத்ததும்தான் எனக்கு உறைத்தது. ஃ கீயை அழுத்தினால் ழ வரும். அழுத்தாவிட்டால் பேன் வரும். 'பேனை உயரமான இடத்தில் மாட்டவும். குழந்தைகள் சுற்றும் பேனைத் தொடக் கூடாது. வாரம் ஒரு முறை பேனை ஈரத்துணியால் துடைக்கவும்.' இதை அப்பாவிடம் காட்டினேன். "சரியாத்தானே இருக்கு? பேனைப் பேன்னு சொல்லாம வேற எப்படிடா சொல்றது?" என்றார்.

ஆகவே பெட்டியை மறுபடி பிரித்தோம். உண்மையையும் அப்படியே பிரித்துவிடுகிறேன். ழ இயற்கை மரணம் அடையவில்லை. அக்கா 'வாழ்க்கை' என்று அடித்தால் 'வாக்கை' என்று வரவேண்டும் என்பதற்காக அந்தக் கீக்கு அடியில் பபுள்கம் வைத்தவன் நான்தான். அது தெரிந்துவிடும் என்றுதான் புதுக் கீபோர்டு கேட்காமல் ஃ தலையில் கைவைத்தேன். கம்ப்யூட்டரைத் துடைத்து எல்லாம் புதிதாகப் போட்டது அக்கா. ஃ-ஐ ஃ ஆகவே திருப்பி வைத்ததும் அவள்தான். ஸ்கூட்டர் நம்பரைச் சொன்னது அம்மா, அதுவும் மனப்பாடமாக. நான் செய்தது, பெட்டிக்குப் பசைநாடா கிழித்துக் கொடுத்தது.

உள்ளே இருக்கும் கீபோர்டு என்னுடையது. எல்லா எழுத்தும் வருகிறது, நானே ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தேன். கலர் கலராக லைட் எரியும், அதை அணைக்க எனக்குத் தெரியாது, கண்டுகொள்ளாதீர்கள். உங்களுக்கு வரவேண்டியிருந்த, பபுள்கம் கல்லாகிப்போன பழைய கீபோர்டை நான் வைத்துக்கொண்டேன். இனி நான் எதை அடித்தாலும் ழ வராது. அப்பாவுக்குத் தப்பாமல் பிறந்த பிள்ளை என்று நீங்கள் எப்போதும் சொல்வீர்களே, அது இப்போது எளுத்துக்கு எளுத்து உண்மை.