கறிவேப்பிலைக் குழுவும் கோயம்புத்தூர்ச் சிவாவும்

அந்த நாட்களில எனக்கு இருந்த வேலை ஒண்டே ஒண்டுதான். கறிவேப்பிலை மரத்துக்குத் தண்ணி விடுறது.

என்ர மனிசி சுமதி லண்டனுக்குப் போயிட்டா. தன்ர தங்கச்சியின்ர மகள் பெரியபிள்ளை ஆனதுக்குச் சாமத்திய வீடு. ரெண்டு கிழமை நான் தனிய. போக முதல் சமைச்சு பிறீசருக்குள்ள வைச்சது எனக்கு. அறிவுரை முழுக்க மரத்துக்கு.

"இஞ்சருங்கோ, குளிர் காலத்தில அது கனக்கக் குடியாது. விரலால மண்ணைத் தொட்டுப் பாருங்கோ. காய்ஞ்சிருந்தால் மட்டும் ஒரு கப் விடுங்கோ."

"தொட்டுப் பாத்தால் எப்பிடித் தெரியும்?"

"தெரியும்."

எயார்போட்டில, கடைசி நேரத்தில, கிட்ட வந்து காதுக்குள்ள ஏதோ சொன்னா. நானும் உருகிப்போய்க் குனிஞ்சன்.

"தொட்டுப் பாத்திட்டு விடுங்கோ."

அது சும்மா மரம் இல்லை. மகள் படிக்கவெண்டு ஓடென்ஸவுக்குப் போன வருசம், வீடு வெறிச்சோடிக் கிடக்கேக்க, சுமதி கொண்டுவந்து யன்னலடியில ஒரு நீல வாளியில வைச்ச சின்னக் கண்டு. இப்ப என்ர உயரம். காலமை வேலைக்குப் போக முதல் அதோட கொஞ்ச நேரம் கதைச்சிட்டுத்தான் போவா. என்னோட கதைக்கிறது பின்னேரம், நேரம் இருந்தால்.

நான் ஓல்போர்க்கில ஒரு கொம்பனியில கொம்பியூட்டர் சேர்வர் பாக்கிற ஆள். எனக்கு "தெரியும்" எண்ட அளவு விளங்காது. எத்தினை வீதம் ஈரம் எண்டு சொன்னால்தான் விளங்கும்.

"சந்தேகமெண்டால் குழுவில கேளுங்கோ" எண்டும் சுமதி சொல்லியிருந்தவா.

டென்மார்க்கில கறிவேப்பிலை வளக்கிற தமிழ்ச் சனத்துக்கு முகநூலில ஒரு குழு இருக்கு. டோஸ்ட்ருப்பில இருக்கிற ராஜியக்கா நடத்துறவா. சுமதி அதில பெரிய ஆள். ரண்டர்ஸில இருந்து டோஸ்ட்ருப் வரைக்கும் கன வீட்டு யன்னலில நிக்கிற கண்டுகள் எங்கட மரத்தின்ர அடியில முளைச்சுப் போன பிள்ளையள்.

ஆனால் நான் குழுக்களில வாய் திறக்கிறேல்லை.

ஒருக்கா ஒரு கிரிக்கெட் குழுவில சேர்ந்தனான். முதல் நாள், "அண்ணை என்ன வேலை?" எண்டு கேட்டாங்கள். சொன்னன். அதுக்குப் பிறகு ஒருத்தரும் என்னோட கிரிக்கெட் கதைக்கேல்லை. பிரிண்டர், வைஃபை, மறந்துபோன பாஸ்வேர்ட். ஒரு ஐயா சொல்லாமல் கொள்ளாமல் தன்ர புது ரீவியைக் காரில ஏத்திக்கொண்டு வந்து வாசலில நிண்டார்.

எங்கட துறை ஆக்கள் ஏன் இப்பிடியான குழுக்களில வாறேல்லை எண்டு கேக்கிறவைக்குச் சொல்லுறன். நாங்கள் உள்ளுக்கதான் நிக்கிறம். எல்லாத்தையும் வாசிக்கிறம். மூச்சுக் காட்டுறேல்லை, அவ்வளவுதான்.

சுமதிக்கு இது வடிவாத் தெரியும். ஆரும் கேட்டால், "என்ர மனிசனுக்கு ஒபிசில வேலை" எண்டு மட்டும்தான் சொல்லுவா. இவ்வளவு வருசமும் என்னை இப்பிடித்தான் காப்பாத்தி வைச்சிருந்தவா.

ஆகவே நான் குழுவில கேக்கேல்லை. மரத்தைத் தொடவும் இல்லை. ஒரு ஈரமானி, ஒரு குட்டிப் பம்ப், ஒரு ரியூப் வாங்கினன். மண் காய்ஞ்சால் ஈரமானி சொல்லும். உடன பம்ப் தண்ணி விடும். சுமதி மா போட்டு வைக்கிற பெரிய பிளாஸ்டிக் வாளியைக் கழுவித் தண்ணித் தொட்டி ஆக்கினன். போனில பாத்தால் பச்சை விளக்கு எரிஞ்சுது. எனக்கு என்னை நினைக்கப் பெருமையா இருந்தது.

வேலையில இருந்து பாத்தன். "காய்ஞ்சிருக்கு" எண்டுது. பம்ப் ஓடிச்சுது.

பிறகு பாத்தன். "காய்ஞ்சிருக்கு."

பாவம், மரத்துக்கு என்ன தாகம்! இந்த மனிசி ஒரு கப் தண்ணியில அதை எப்பிடி வதைச்சிருக்கிறா எண்டு நினைச்சன்.

ரெண்டொரு நாளில இலை மஞ்சளாச்சு. தண்ணி காணாது எண்டு விளங்கிச்சுது. தண்ணி விடுற அளவைக் கூட்டிவிட்டன்.

அடுத்த நாள் பின்னேரம் வேலையால வர, கீழ் வீட்டு டென்மார்க்காரி படியில நிண்டா. சிரிச்ச முகம்.

"மன்னிக்கவேணும், ஒண்டும் அவசரமில்லை. உங்களுக்கு நேரம் கிடைக்கேக்க ஒருக்காப் பாருங்கோ. என்ர சாப்பாட்டு மேசைக்கு மேல மழை பெய்யுது."

ஓடிப்போய்க் கதவைத் திறந்தன். மரப்பலகை நிலம் முழுக்க வெள்ளம். மா வாளி வெறும் வாளி. மரத்தில கை பட்டுது, இலை பொலபொலவெண்டு கொட்டிச்சுது.

ஈரமானியை இழுத்துப் பாத்தன். நான் குத்தினது மண்ணில இல்லை. மண்ணுக்கு மேல குளிருக்கெண்டு சுமதி போட்டு வைச்ச தென்னந்தும்பில. அது காத்தோட்டமா மேல நிக்குது, தண்ணி ரியூப் கீழ மண்ணுக்குள்ள. அது எந்தக் காலத்தில நனையிறது?

ஒரு விரல் வைச்சுப் பாத்திருந்தால் தெரிஞ்சிருக்கும்.

சுமதி வர இன்னும் நாலு நாள். இனிக் குழுதான் கதி. ஆனால் என்ர பேரில கேட்டால் சுமதிக்குத் தெரிஞ்சுபோம். எனவே புதுக் கணக்கு ஒண்டு திறந்தன். பேர் சிவா. ஊர் கோயம்புத்தூர். மரத்தைப் படம் எடுத்து, அதில இருந்த இடம், நேரம் எல்லா விபரத்தையும் அழிச்சன். யன்னல் சீலை, சுவர், சோபா எல்லாத்தையும் வெட்டினன். தொழில் சுத்தம்.

எழுத்திலயும் பிடிபடக்கூடாது எண்டு இந்தியத் தமிழில எழுதினன். இவ்வளவு காலம் படம் பாத்த அனுபவம் வேற எதுக்கு?

"ஹாய் ப்ரோஸ், என் ஃப்ரெண்ட் வீட்டுக் கறிவேப்பிலைச் செடி ரொம்ப வாடிப் போச்சு. தண்ணி ஓவரா ஊத்திட்டான். என்ன பண்றது ப்ரோ?"

வாசிச்சுப் பாக்க எனக்கே நான் இந்தியன் போல இருந்தது.

உடன ஒரு பதில் வந்தது. பிரவீன் எண்டு ஒராள். "கோயம்புத்தூர்ல எங்கங்க? நான் பீளமேடுங்க! இப்ப ஓல்போர்க்லதான் இருக்கேன். செடியைத் தொட்டியில இருந்து எடுத்து வேரைப் பாருங்க. வேணும்னா நேர்ல வரட்டுங்களா?"

இந்த நாட்டில இவ்வளவு சனம். ஓல்போர்க்கில ஒரு கோயம்புத்தூரான் இருக்கவேணுமோ?

நான் கோயம்புத்தூர் வரைபடத்தைத் தேடிக்கொண்டிருக்க, ராஜியக்காவின்ர பதில் விழுந்தது.

"இது ஓல்போர்க் சுமதியின்ர மரமெல்லோ? அந்த நீல வாளி. அந்தப் பனிச்சறுக்குத் தடி."

மலையே இல்லாத இந்த நாட்டில, பழைய சாமான் சந்தையில ஒரு பனிச்சறுக்குத் தடி வாங்கி, அதை மரத்துக்கு முட்டுக் குடுத்த ஒரே ஆள் என்ர மனிசி. நான் சுவரை வெட்டினன். தடியை வெட்டேல்லை.

கீழ வரிசையா வந்தது. "ஓம், சுமதியக்கான்ர மரம்தான்." "ஐயோ, என்ர கண்டின்ர தாய் மரம்!" "ஆர் இந்தச் சிவா?" "சுமதியக்கா லண்டனிலயெல்லோ?"

போன் அடிச்சுது. என்ர உண்மையான போன்.

"தம்பி, சுமதியின்ர மனிசன்தானே? டோஸ்ட்ருப் ராஜியக்கா கதைக்கிறன். பதறாதேங்கோ."

"என்னக்கா?"

"நீங்கள் இப்ப எங்கை நிக்கிறியள்?"

"வீட்டில."

"மெல்லமாக் கதையுங்கோ. உங்கட வீட்டுக்குள்ள ஆரோ நிக்கிறான்."

நான் ஒருக்காத் திரும்பிப் பாத்தன். ஏன் பாத்தனெண்டு இப்பவும் தெரியேல்லை.

"சிவா எண்டு ஒரு இந்தியத் தம்பி. இப்பதான் உங்கட மரத்தைப் படம் எடுத்துப் போட்டிருக்கிறான். பொலிசுக்குப் போன் அடிக்கட்டோ?"

"ஐயோ வேண்டாம் அக்கா! அவர் என்னோட வேலை செய்யிறவர். எனக்குத் தெரிஞ்சவர்தான்."

"அப்ப அவரிட்டப் போனைக் குடுங்கோ."

"அவர்... குளிக்கிறார்."

"உங்கட வீட்டிலயோ?"

"அவற்ற வீட்டில தண்ணி இல்லை அக்கா."

ராஜியக்கா ஒருக்காச் செருமினா. பிறகு சொன்னா: "அவர் குளிச்சிட்டு வரட்டும். நான் அரை மணித்தியாலத்தால வீடியோவில வாறன். சுமதியையும் அதில சேர்க்கிறன்."

நான் பிரவீனுக்கு விலாசத்தோட எழுதினன். "உடன வர முடியுமா? உயிர்ப் பிரச்சினை."

"செடி உயிருங்களா, உங்க உயிருங்களா?"

"ரெண்டும்."

நல்ல மனிசன். சைக்கிளில வந்தார். தலையில ஹெல்மெட், தோளில மண் மூட்டை, கையில கத்தரிக்கோல்.

"நீங்கதான் சிவாவாங்க?"

"ஓம்."

"கோயம்புத்தூர் இல்லைன்னு தெரியுமுங்க. எந்தக் கோயம்புத்தூர்க்காரன் அவ்வளவு எழுதி ஒரு 'ங்க' கூடப் போடாம விடுவான்? சரி, ஏங்க உங்க பேர்லயே கேக்கலை?"

மறைச்சுப் பிரயோசனமில்லை எண்டு சேர்வர் கதையைச் சொன்னன். அவர் வாசல் கதவை மெல்லமாச் சாத்தினார்.

"மெதுவாப் பேசுங்க. நானும் டேட்டா சென்டர்லதாங்க வேலை பாக்கறேன். குழுவுல சமையல்காரன்னு சொல்லி வெச்சிருக்கேன். காட்டிக் குடுத்துடாதீங்க."

ரெண்டு பேரும் மரத்தை நீல வாளியில இருந்து வெளியில எடுத்தம். ஈரமானியைக் கழட்டி மேசையில போட்டன். வேர் பாதி கறுத்து அழுகிப்போய் நாறிச்சுது. பிரவீன் கறுப்பு வேரை வெட்டினார்.

இவ்வளவு நேரமும் பகிடியாச் சொல்லிக்கொண்டு வாறன். ஆனால் அந்த வேரைப் பாக்க எனக்குப் பகிடி வரேல்லை. சுமதி வந்து காலமை யன்னலடியில ஆரோட கதைக்கப்போறா? உண்மையிலயே அழுகை வந்தது.

"பொழைச்சுக்குமுங்க" எண்டார் பிரவீன். "உறுதியா?" எண்டன். அவர் மண் மூட்டையை அவிழ்த்தார்.

புது மண் போட்டு மரத்தை நட்டு முடியவும் வீடியோ அழைப்பு வந்தது. ராஜியக்கா நடுவில. சுத்திவர ஊர்ச் சனம் குட்டிக் குட்டிக் கட்டத்தில. ஒரு மூலையில பட்டுச் சேலை, தலையில பூ, பின்னால மேளச் சத்தத்தோட சுமதி. கண் மரத்திலதான்.

"இவர்தான் சிவாவோ?" எண்டு ராஜியக்கா கேட்டா.

"ஆமாங்க்கா" எண்டார் பிரவீன்.

"குளிச்சு முடிஞ்சுதோ?"

பிரவீன் முழங்கை வரைக்கும் சேறு. என்னைப் பாத்தார். நான் நிலத்தைப் பாத்தன்.

"ஆச்சுங்க்கா."

"குளிச்ச ஆள் மாதிரித் தெரியேல்லையே."

அப்பதான் சுமதி வாய் திறந்தா. "இஞ்சருங்கோ. மரத்துக்குப் பக்கத்தில அது என்ன குழாய்?"

நான் பம்பை மறைக்கக் குறுக்க போனன். மேசையில கிடந்த ஈரமானி அவ்வளவு நேரமும் வெறும் காத்தை அளந்துகொண்டு கிடந்திருக்கு. "காய்ஞ்சிருக்கு" எண்டு முடிவெடுத்திட்டுது. எந்த மடையனோ தண்ணித் தொட்டியைத் திரும்ப நிரப்பியும் வைச்சிருந்தான். அது நான்தான். பம்ப் உறுமிச்சுது. ரியூப் நிலத்தில ஒருக்காத் துள்ளி எழும்பி, பிரவீனுக்குத் தலையில இருந்து கால் வரைக்கும் அடிச்சுது.

"இப்ப குளிச்ச ஆள் மாதிரித் தெரியுது" எண்டா ராஜியக்கா.

ஒருத்தரும் சிரிக்கேல்லை. சுமதி கதைக்கப்போறா எண்டு எல்லாருக்கும் விளங்கிச்சுது.

"தொட்டுப் பாக்கச் சொன்னனான்."

"ஓம்."

"விரலால தொட ஏலாது. வாய் திறந்து நாலு சனத்திட்டக் கேக்க ஏலாது. அதுக்கு ஒரு மிசின் வேணும். பிறகு ஒரு கோயம்புத்தூர்ப் பெடியன் வேணும்."

எங்கட துறையின்ர முழு வரலாறும் அவ்வளவுதான்.

"ராஜியக்கா," எண்டா சுமதி, அமைதியா. "உங்களுக்கு நான் இவ்வளவு நாளும் ஒண்டு சொல்லேல்லை. இவர் கொம்பியூட்டர் ஆள். எல்லாம் தெரியும். என்ன பிரச்சினையெண்டாலும் இவரிட்டக் கேளுங்கோ. இனி நான் தடுக்கமாட்டன்."

எல்லாக் கட்டத்திலயும் முகங்கள் கிட்ட வந்தது. ராஜியக்காவின்ர முகம் பூரிச்சுப்போச்சு.

"அப்பிடியோ தம்பி! எங்கட வீட்டுப் பிரிண்டர் போன மார்கழியில இருந்து..."

பிரவீன் சத்தமில்லாமல் கமராவுக்கு வெளியால நழுவினார். "நான் சமையல்காரனுங்க" எண்டு அங்கால இருந்து ஒரு குரல் வந்தது. அவரை ஒருத்தரும் கேக்கேல்லை.

சனிக்கிழமை சுமதி வந்தா. மரத்தில இலை எண்டு சொல்ல ஒண்டும் மிச்சமில்லை. பனிச்சறுக்குத் தடிதான் மரத்தை விட வடிவா நிண்டது.

கோட்டைக் கழட்டேல்லை. பெட்டியை வாசலிலயே விட்டிட்டு நேர யன்னலடிக்குப் போனா. மண்ணில விரலை வைச்சா. கிளையின்ர நுனியைக் கிட்டப் பாத்தா. அதோட ஏதோ மெல்லமாக் கதைச்சா. எனக்குக் கேக்கேல்லை. கேக்கவேண்டிய ஆள் நானும் இல்லை.

கன நேரம் பொறுத்துப் பாத்திட்டுக் கேட்டன்: "பிழைக்குமோ?"

திரும்பிப் பாக்காமல் சொன்னா: "குழுவில கேளுங்கோ."

கேட்டன். சொந்தப் பேரில, சொந்தத் தமிழில. நுனியில தெரிஞ்ச குட்டிப் பச்சை முளையையும் கிட்டப் படம் எடுத்துப் போட்டன்.

ராஜியக்கா உடன எழுதினா: "மரம் பிழைச்சிட்டுது தம்பி. என்ர பிரிண்டர்தான் இன்னும் சாகக் கிடந்து சேடம் இழுக்குது."