மாமனார் காருக்கு மாப்பிள்ளை வைத்த புருவம்

ஜாக்கியை முழுவதும் இறக்கியதும் கார் தரையில் உட்கார்ந்தது. மாப்பிள்ளை பாடுபட்டுப் பற்றவைத்த புதுத் தகடு டயரின் தலையில் உட்கார்ந்தது.

குனிந்து பார்த்தான். நடுவே ஒரு காகிதம் நுழைய இடமில்லை.

"ஏங்க, டயர் சுத்துமா?" ஷெட் வாசலில் நின்று மனைவி கேட்டாள்.

"சுத்தும். கொஞ்சம் யோசிச்சுச் சுத்தும்."

"ஜாக்கியில தூக்கி வச்சா அளவெடுத்தீங்க? அப்ப சக்கரம் கீழே தொங்கிட்டுல்ல இருக்கும்!"

அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. மாலை வகுப்பில் பற்றவைக்கக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். யோசிப்பதை வீட்டுப்பாடமாக விட்டிருந்தார்கள்.

கார் மாமனாருடையது. இரண்டே இருக்கை, உறுமல் மட்டும் இருபது பேருக்கு. அந்தப் பழைய ஸ்போர்ட்ஸ் காரின் முன்சக்கரங்களுக்கு மேல் புருவம்போலப் புடைத்திருந்த தகடுகள் துருப்பிடித்து உதிர்ந்துவிட்டன. ஞாயிற்றுக்கிழமை பழைய கார்களின் ஊர்வலம்.

"டிங்கரிங் கடையில விட்டுடறேன்" என்றுதான் முதலில் சொன்னார் மாமனார்.

"வீட்டுலயே மாப்பிள்ளை இருக்காரு, கடை எதுக்கு?" என்று மறித்தார் மாமியார்.

"இவரா? ஆணி அடிச்சா விரல்ல இறக்குறவரு!"

"எனக்கு அவரு மேல நம்பிக்கை இருக்கு. அவருதான் செய்யணும்."

கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் அவனுக்காக ஒருவர் வாயைத் திறந்தது அதுவே முதல் தடவை. அத்தையின் சொல்லைக் காப்பாற்றாமல் ஷெட்டை விட்டு வெளியே வருவதில்லை என்று முடிவுசெய்தான்.

தகட்டை அறுத்தெடுத்து, உயர்த்தி வைத்து, மறுபடி பற்றவைத்தான். இடைவெளி விட்டுவிட்டுப் பொட்டுப் பொட்டாகப் பற்றவைத்திருக்க வேண்டும். ஆர்வத்தில் ஒரே இழுப்பாக இழுத்தான். சூட்டில் தகடு நனைந்து காய்ந்த நோட்டுப் புத்தகம்போல நெளிந்தது. சுத்தியலால் தட்டினான். நெளிவு தகட்டிலிருந்து கதவுக்கு இடம்பெயர்ந்தது. கதவு திறக்க மறுத்தது.

பள்ளங்களை நிரப்பப் பட்டிப் பசையை அப்பினான். பிறகு, இன்னும் ஓரிடம் பற்றவைக்காதது நினைவுக்கு வந்து நெருப்பைக் காட்டினான். பட்டி புகைந்தது. ஷெட்டே இருமியது.

"அத்தை, பேசாம கடைக்காரரைக் கூப்பிட்டுடலாமா?"

காபியோடு வந்த மாமியார் காரைச் சுற்றிவந்து பார்த்தார். கண்கள் கலங்கியிருந்தன.

"வேணவே வேணாம். நான் நினைச்சதைவிட நல்லா வந்திருக்கு. அந்தப் பக்கமும் இதே மாதிரி பண்ணிடுங்க."

இப்படி ஒரு மாமியார் யாருக்குக் கிடைப்பார்? அந்தப் பக்கமும் இதே மாதிரி பண்ணினான். டயர் இன்னும் உரசியது. ஸ்பிரிங்குக்கு அடியில் மரக்கட்டை சொருகினான். கார் மூக்கைத் தூக்கிக்கொண்டு, கடன் கேட்டவரைப் பார்ப்பதுபோல நின்றது.

ஞாயிறு காலை மாமனார் தொப்பியும் கையுறையுமாக வந்தார். முகம் சாம்பலாகியது.

"ஒரு புருவம் நெத்தியில இருக்கு, இன்னொண்ணு கன்னத்துல இருக்கு. என்ன மாப்பிள்ளை இது?"

"ஓடும்போது தெரியாது மாமா."

கதவு திறக்காததால் ஜன்னல் வழியாக உள்ளே இறங்கினார். எஞ்சின் உறுமியது. ஸ்டியரிங்கைத் திருப்பினார். இடப்பக்கத் தகடு டயரைக் கவ்வியது. டமார்! வலப்பக்கத் தகடு துணைக்கு வருவதுபோலத் தானாகவே கழன்று விழுந்தது.

ஜன்னல் வழியாகவே வெளியே வந்தார். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"இனி எந்தக் கடைக்காரன் இதைத் தொடுவான்? பத்தவைக்க நல்ல தகடே மிச்சமில்ல! தார்ப்பாயைப் போட்டு மூடுங்க. என் கண்ணுல இது படக் கூடாது."

தொப்பியைத் தரையில் வீசிவிட்டு உள்ளே போனார்.

மாப்பிள்ளைக்கு அழுகை முட்டியது. "மன்னிச்சிருங்க அத்தை. என்னை நம்பி அவ்வளவு தூரம் பேசினீங்க. உங்க மானத்தை வாங்கிட்டேன்."

மாமியார் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தார். கதவு சாத்தியிருந்தது. தார்ப்பாயின் ஒரு முனையை அவரே உற்சாகமாக இழுத்தார்.

"வளைவுல கூட பிரேக்கைத் தொடாத மனுசன் பக்கத்துல ஒவ்வொரு ஞாயிறும் உக்காந்து பாருங்க, அப்பத் தெரியும். கடையில விட்டா வண்டி சரியாயிடுமேன்னுதான் மாப்ளே, நான் உங்க பேரைச் சொன்னேன்."