வனராஜ் டைமண்டும் பன்னிரண்டு டெஸ்ட் டிரைவும்

முப்பத்து நாலு வருஷம் போலீஸில் இருந்தவன் நான். தளவாய் எஸ்.எஸ்.ஐ. என்று பெயரைச் சொன்னால், ஆலங்குளத்திலிருந்து சிவகிரி வரைக்கும் ஆடு திருடுகிறவன் அவிழ்த்த ஆட்டை அங்கேயே கட்டிவிட்டுப் போவான். எதிரே உட்கார்ந்து ஒருத்தன் தண்ணீர் குடிக்கிற தினுசைப் பார்த்தே, அவன் சொல்லப்போவது மெய்யா பொய்யா என்று சொல்லிவிடுவேன். இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். ஏனென்றால் கதை முடியும்போது, அந்தத் திறமையெல்லாம் எங்கே போயிற்று என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

போன மே மாதம் ரிட்டயர் ஆனேன். ஜூன் முதல் தேதி ஒரு முடிவு எடுத்தேன். கார் வாங்குவது. அதுவும் பெரிய கார். சர்வீஸ் முழுக்க ஜீப்பில் பின்னால் உட்கார்ந்தே முட்டி தேய்ந்தவன் நான். லைசென்ஸ் இருந்தது, ஸ்டியரிங்கை யாரும் தரவில்லை. வீட்டுக்கு வந்தால் ஸ்கூட்டர். சாரல் அடித்தால் நானும் நனைவேன், என் மனைவி உமாராணியும் நனைவாள். ஒரு நல்ல வண்டியை நானே ஓட்டணும், பக்கத்தில் அவள் உட்காரணும், ரெண்டு பேரும் நனையாமல் சாரலைப் பார்க்கணும். ஆசை இவ்வளவுதான்.

வண்டியையும் முடிவு செய்துவிட்டேன். பெயர் வனராஜ். முழுக்கக் கரண்டில் ஓடுவது. ஏழு சீட். சில்வர், கோல்டு, டைமண்டு என்று மூன்று மாடல். எதை வாங்குவது என்பதுதான் கேள்வி. கேஸ் டைரி எழுதிப் பழகிய கை சும்மா இருக்குமா. ஒரு முழு சார்ட் பேப்பரில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, பேட்டரி, ஏர்பேக், கேமரா, ஸ்பீக்கர், டயர் என்று நாற்பத்தொரு வரிசை எழுதினேன். டைமண்டுக்கு மட்டும் சிவப்பு மை. பிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டு, அவள் பால் எடுக்க வருகிறவரைக்கும் காத்திருந்தேன்.

"இது என்னதுங்க?"

"வனராஜ்."

"மாட்டுக்கு வைக்கிற பேரால்லா இருக்கு."

"கார் ஏட்டி. இங்கன பாரு. சில்வர், கோல்டு, டைமண்டு."

"நகைக்கடையில சீட்டுப் போட்டிருக்கியளோன்னு ஒரு நிமிசம் சந்தோசப்பட்டுட்டேன்."

"டைமண்டை ஒரு தடவை சார்ஜ் போட்டா அறுநூறு கிலோமீட்டர் ஓடும்."

"நீங்க தினமும் போறது முக்கு டீக்கடைக்கு. ஒரு சார்ஜு ரெண்டு வருசத்துக்கு வரும்."

"டிரைவர் சீட்டுக்குள்ள இருந்து குளுகுளுன்னு காத்து வரும்."

"நீங்க உட்கார்ந்தப்புறம் அது எப்படிங்க வெளிய வரும், பாவம்."

"கை நிறைய சாமான் இருந்தா, காலைக் காட்டுனாப் போதும். டிக்கி தானாத் திறக்கும்."

"மானம் ரோசம் இல்லாத டிக்கியால்லா இருக்கு. வீட்ல ரெண்டே பேரு. மக ஓசூர்ல இருக்கா. ஏழு சீட்டு என்னத்துக்கு? மிச்சம் அஞ்சுல வத்தல் காயப்போடவா?"

"மேல கண்ணாடிக் கூரைதான், நல்லாக் காயும்" என்று நான் சொல்லியிருக்கக் கூடாது. அன்றைக்குத் தோசை இரண்டோடு நின்றுபோயிற்று.

வாயால் ஒப்புக்கொள்ளாதவனை ஸ்பாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகவேண்டும். அது எங்கள் வழக்கம். ஒரே ஒரு தடவை அந்த சீட்டில் உட்கார வைத்துவிட்டால் உமாராணி விழுந்துவிடுவாள் என்று எனக்குத் தெரியும். அதற்கு வசதியும் வாய்த்தது. சீசனை முன்னிட்டு, குற்றாலம் ரோட்டில் பந்தல் போட்டு மூன்று மாடலையும் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். பொறுப்பாளர் ஸ்வாதி என்று ஆலங்குளத்துப் பெண். சார், எப்ப வேணும்னாலும் கூப்பிடுங்க, வண்டியை வீட்டு வாசலுக்கே கொண்டாறேன் என்றாள்.

நாலு நாள் கெஞ்சினேன். உமாராணி மசியவில்லை. ஐந்தாம் நாள் காலையில் மலையில் மேகம் இறங்கி முதல் சாரல் விழுந்தது. அருவியில் தண்ணீர் கொட்டுகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. சிவகிரியிலிருந்து அவள் அக்கா முத்துவடிவு போன் செய்தாள். அரைமணி நேரம் பேசினார்கள். போனை வைத்துவிட்டு நேரே என்னிடம் வந்தாள்.

"ஏங்க, அந்த வண்டியைத்தான் ஒருக்க ஓட்டிப் பார்த்திருவமே."

அந்தப் போனையும் இந்தப் பேச்சையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை. நேற்று வேலைக்குச் சேர்ந்த கான்ஸ்டபிள்கூடச் சேர்த்துப் பார்த்திருப்பான்.

மறுநாள் ஸ்வாதி சில்வரைக் கொண்டுவந்து நிறுத்தினாள். வீட்டுக்குள்ளிருந்து உமாராணி வந்தாள். அவள் பின்னால் முத்துவடிவு மதினி. மதினி பின்னால் அவள் வீட்டுக்காரர். அவர் பின்னால் இரண்டு மருமகள்கள். சிவகிரி பஸ் எப்போது வந்தது என்றே எனக்குத் தெரியாது.

"இவங்கள்லாம் எங்க வர்றாங்க?"

"ஏழு சீட்டுன்னு நீங்கதான சொன்னிய. ஏழு பேரும் உட்கார்ந்து ஓட்டுனால்லா வண்டி இழுக்குதா இல்லையான்னு தெரியும்."

"கரெக்ட் மேடம், ஃபுல் லோடுல பார்க்கிறதுதான் நல்லது" என்றாள் ஸ்வாதி.

"சரி, எந்தப் பக்கம் போவோம்?"

"மேடு ஏறுதான்னு பார்க்கணும்லா. ஐந்தருவி ரோடு நல்ல மேடு."

டிக்கியில் எவ்வளவு பிடிக்கும் என்று பார்க்க இரண்டு வயர்க்கூடை, ஒரு தூக்குச்சட்டி புளியோதரை, நல்லெண்ணெய்ப் பாட்டில், அரை டஜன் துண்டு ஆகியவற்றை ஏற்றினாள். சீட் எல்லாவற்றிலும் ரப்பர் ஷீட்டை விரித்தாள். அடுத்தவங்க வண்டி, அழுக்காக்கிரக் கூடாதுல்லா என்றாள். என்ன பொறுப்பு என்று நினைத்துப் பெருமைப்பட்டேன். ரப்பர் ஷீட் எதைத் தடுக்கும் என்று யோசிக்கவில்லை.

ஐந்தருவியில் அவர்கள் ஒன்றரை மணி நேரம் குளித்தார்கள். நானும் ஸ்வாதியும் வண்டிக்குள் உட்கார்ந்து ஏழாம் வரிசை முதல் பத்தொன்பதாம் வரிசை வரை சரிபார்த்தோம்.

திரும்பி வந்ததும், தலையில் ஈரத்துண்டோடு உமாராணி பிரிட்ஜ் முன்னால் போய் நின்றாள்.

"சில்வர்ல கடைசி சீட்டுக்கு ஏசிக் காத்து வரலைன்னு அக்கா சொல்லுதா. கோல்டுல வருமா?"

"கோல்டுல வரும். இந்தா, இருபத்தி மூணாவது வரிசையில போட்டிருக்கேன்."

"எழுதிட்டாப் போதுமா? அதே ரோட்டில, அதே ஆளுகளை வச்சு கோல்டையும் ஓட்டிப் பார்த்தாத்தான கம்பேர் பண்ண முடியும்?"

எனக்குப் புல்லரித்துவிட்டது. கல்யாணமாகி இருபத்தொன்பது வருஷத்தில் நான் எழுதின ஒன்றை அவள் இவ்வளவு கவனமாகப் படித்தது அதுதான் முதல் தடவை. அதோடு விடவில்லை. பேனாவை வாங்கி என் சார்ட்டின் ஓரத்தில் தானே நாலு கட்டம் போட்டாள். ஐந்தருவி, மெயின் அருவி, பழைய அருவி, புலியருவி.

"ஒவ்வொரு ரோடும் ஒவ்வொரு மாதிரில்லா. நாலு அருவி, மூணு மாடல். பன்னெண்டு தடவை ஓட்டணும். என்ன சொல்லுதிய?"

துப்பறிகிற புத்தி இத்தனை நாள் என் வீட்டு அடுப்படியில் கிடந்திருக்கிறதே என்றுதான் நினைத்தேன்.

ஜூன் முடிந்தது, ஜூலையும் வந்தது. சிவகிரியிலிருந்து ஒரு கூட்டம் போனால் அடுத்த கூட்டம் வரும். கோல்டில் பழைய அருவிக்குப் போனபோது, பேட்டரி எவ்வளவு குறையுது என்று பார்க்கணும் என்றாள். மெயின் அருவிக்குப் போனபோது, கூட்டத்தில் பார்க்கிங் கேமரா வேலை செய்யுதா என்று பார்க்கணும் என்றாள். எல்லாம் நியாயமான காரணங்கள். ஒன்றைக்கூட என்னால் மறுக்க முடியவில்லை. ஸ்வாதியும் ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. போலீஸ்காரன் மேல் அவ்வளவு மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். முதல் டிரைவில் உமாராணியை மேடம் என்றாள். நாலாவதில் அம்மா. ஏழாவதில் அத்தை. மதியம் எங்கள் வீட்டில் உட்கார்ந்து சொதியும் இஞ்சித் துவையலுமாக ஒரு பிடி பிடித்துவிட்டுத்தான் போவாள். நான் கடைசிவரை சார்தான்.

உமாராணியின் அண்ணன் குற்றாலீஸ்வரன் இரண்டு டிரைவுக்கு வந்தார். எலுமிச்சைத் தோட்டக்காரர், பேச்சுக் கம்மி. என் சார்ட்டை மட்டும் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். கோல்டுக்கும் டைமண்டுக்கும் பேட்டரியில் என்ன வித்தியாசம் என்று கேட்டார். மூன்று மணி நேரம் விளக்கினேன். கிளம்பும்போது சார்ட்டை செல்போனில் படம் பிடித்துக்கொண்டார். தங்கச்சி புருஷன் எழுத்தின் மேல் எவ்வளவு மதிப்பு என்று நெகிழ்ந்துபோனேன்.

டைமண்டில் முன் சீட் இரண்டிலும் முதுகு பிடித்துவிடுகிற வசதி உண்டு. புலியருவிக்குப் போகிற வழியில் உமாராணியின் பக்கத்தில் அதைப் போட்டுவிட்டேன்.

"ஏங்க, இதை எப்படி நிப்பாட்டணும்னு தெரியலை."

"நிப்பாட்டணுமா?"

"தெரியலைன்னுதான சொன்னேன். நிப்பாட்டுங்கன்னா சொன்னேன்?"

கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்துவிட்டாள். வெளியே சாரல். உள்ளே நாங்கள் ரெண்டு பேரும் நனையவில்லை. பின்னால் ஐந்து பேர் இருந்தார்கள், அது வேறு விஷயம். டைமண்டுதான் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன்.

ஆகஸ்டு கடைசியில் அருவி நூலாக இளைத்தது. பன்னிரண்டாவது கட்டத்திலும் டிக் விழுந்தது. கூட்டிப் பார்த்தேன். நாற்பத்தொன்றில் முப்பத்தெட்டு வரிசை டைமண்டுக்கு.

"டைமண்டு" என்றேன்.

"நானும் அதைத்தான் நினைச்சேன்" என்றாள். என் கண் கலங்கிவிட்டது. "வெள்ளிக்கிழமை ஆளு வரும். போர்டிகோவுல சார்ஜர் மாட்டணும். ஞாயித்துக்கிழமை காலையில வண்டி வருது."

எனக்குத் தெரியாமலே புக் செய்திருக்கிறாள். என்னை அசத்த நினைத்திருக்கிறாள். ஸ்கூட்டரைத் தெருவில் தூக்கி நிறுத்தினேன். போர்டிகோவுக்கு வெள்ளையடித்தேன். வெள்ளிக்கிழமை சார்ஜர் மாட்டினார்கள். அதற்குச் சந்தனம், குங்குமம் வைத்து ஒரு முழம் பூவும் போட்டேன். கூட வேலை பார்த்த இசக்கிமணிக்குப் போன் போட்டு, யாரிடமும் சொல்லாதே என்று சொன்னேன். சாயங்காலத்துக்குள் பழைய ஸ்டேஷன் முழுக்கத் தெரிந்திருந்தது. அதற்காகத்தான் அவனிடம் சொன்னது.

ஞாயிற்றுக்கிழமை பட்டு வேட்டி கட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். உமாராணி ஆரத்தித் தட்டோடு நின்றாள். தெருமுனையில் வெள்ளை டைமண்டு திரும்பியது. சத்தமே இல்லாமல் வந்து நின்றது. டிரைவர் கதவைத் திறந்துகொண்டு குற்றாலீஸ்வரன் மச்சான் இறங்கினார். நமக்காக ஷோரூமிலிருந்து எடுத்துவந்திருக்கிறார், என்ன மனுஷன் என்று நினைத்தேன். அவர் வந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"மாப்ள, எல்லாம் உங்க சார்ட்டுதான். அது மட்டும் இல்லைன்னா கோல்டுல போய் விழுந்திருப்பேன்."

பின்னால் ஒரு சில்வர், கடைசி சீட்டுக்குக் காத்து வராத அதே சில்வர், வந்து நின்றது. முத்துவடிவு மதினி இறங்கினாள். கடைசியாக ஸ்வாதி, கையில் ஸ்வீட் பாக்ஸோடு. சார், உங்க சொந்தத்துலயே ரெண்டு புக்கிங், இந்த சீசன்ல நான்தான் ஃபர்ஸ்ட் என்றாள்.

எனக்கு ஏதோ மெதுவாக உறைக்க ஆரம்பித்தது.

"உமா, நம்ம வண்டி?"

"எந்த வண்டி?"

"சார்ஜர் மாட்டியிருக்கே."

"வண்டிக்கு ஒண்ணுன்னு சார்ஜர் சும்மாக் குடுக்காங்க. அண்ணனும் அக்காவும் ஒரே காம்பவுண்டு, அங்கன ஒண்ணு போதும். மிச்சம் ஒண்ணை இங்கன மாட்டச் சொல்லிட்டேன். அடுத்த சீசனுக்கு இவங்க வந்தா சார்ஜுக்கு எங்க போவாங்க?"

நான் அடுப்படிக்குப் போய் நின்றேன். ஆரத்தி சுற்றி முடித்துவிட்டு அவளும் வந்தாள்.

"என்ன, மூஞ்சி தொங்கிட்டு?"

"எனக்கு ஆசையா இருந்துச்சு உமா. நான் ஓட்டணும், பக்கத்துல நீ உட்காரணும்னு. வேற ஒண்ணும் இல்லை."

அவள் என் வேட்டியில் பட்டிருந்த குங்குமத்தைத் தட்டிவிட்டாள்.

"பன்னெண்டு தடவை ஓட்டுனிய. பன்னெண்டு தடவையும் பக்கத்துல யாரு இருந்தா? எங்க அக்காவா?"

"நீதான்."

"எனக்கு மட்டும் ஆசை இல்லையா? மூணு தடவையில முடியுற சோலியை நான் எதுக்குப் பன்னெண்டு ஆக்குனேன்? ஆசை தீர ஓட்டியாச்சு, நானும் ஆசை தீர உட்கார்ந்தாச்சு. இனிமே அதை விலைக்கு வேற வாங்கணுமா?"

முப்பத்து நாலு வருஷத்தில் எத்தனையோ வாக்குமூலம் வாங்கியிருக்கிறேன். வாங்குகிற போலீஸ்காரனையே குற்றவாளியாக்குகிற ஒரு வாக்குமூலத்தைக் கேட்டதில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஒரு பிளாஸ்டிக் சேரைத் தூக்கி என் கையில் கொடுத்தாள்.

"அண்ணன் வண்டியைச் சார்ஜுல போட்டுட்டு சாப்பிட உட்கார்ந்துட்டாங்க. தெருவுல போற பயலுவ வயரைப் பிடுங்கிருவானுவ. ஃபுல் ஆகுற வரைக்கும் பக்கத்துல உட்கார்ந்து பாத்துக்கிடுங்க. உங்களுக்குத் தெரியாத காவலா?"

இதை எழுதுகிற இந்த நிமிஷம், மச்சான் வண்டியில் அறுபத்திரண்டு சதவீதம் ஏறியிருக்கிறது.