கட்டவிழ்த்த நண்டுகள்

வயல்காட்டில் வளர்ந்தவர்கள் நண்டை நம்பக்கூடாது. நான் நம்பினேன். அதுவும் இங்கிலீஷ் பாடம் நடத்த!

அனுப்பம்பட்டுப் பக்கம் எங்களுக்கு நெல் விவசாயம். பழவேற்காட்டில் ஒரு சின்னப் பள்ளியில் தற்காலிக ஆசிரியையாகச் சேர்ந்திருந்தேன். ஓர் அதிகாரி வந்து, என் வகுப்பைப் பார்த்து, திருப்தி என்று எழுதினால்தான் வேலை நிலைக்கும். "போச்சுன்னா இன்னா, நாத்து நட வந்துடும்மா, ஆளு பத்தல" என்று நைனா முன்கூட்டியே ஆறுதல் சொல்லிவிட்டார். (இப்படி ஓர் அப்பா யாருக்கு வாய்க்கும்!)

பாடம் பெயர்ச்சொல். "டச்சுக் கல்லறையில இருக்கிற பேருங்கள வச்சு நடத்துங்களேன்" என்றார் தலைமையாசிரியர். செத்தவர்கள் எதற்கு, பாடம் உயிரோட்டமாக இருக்கட்டும் என்று மீன் ஏலம் போடும் இடத்துக்குப் போய் ஒரு கூடை நண்டு வாங்கி வந்தேன். ‘க்ராப்’ பொதுப்பெயர். நாலைந்து சேர்ந்தால் ‘க்ராப்ஸ்’. ஆளுக்கொரு நண்டுக்குப் பெயர் வைத்தால் சிறப்புப்பெயர். யாருடைய நண்டு என்று சொல்ல, அந்த ஆளின் பெயரோடு ஒரு ‘ஸ்’. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

அதிகாரி வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார். நண்டுகளின் கொடுக்குகளைக் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தது பார்க்கவே சங்கடமாக இருந்தது. கூடையில் அடுக்க வசதியாகக் கட்டுகிறார்கள் போல என்று நினைத்தேன். (சிரிக்காதீர்கள். நெல்லுக்குக் கொடுக்கு கிடையாது.)

"பாவம், அவுத்து வுடுங்கப்பா" என்றேன்.

"எல்லாத்தையுமா டீச்சர்?" என்றாள் முதல் பெஞ்சு செல்வி. வகுப்பே எழுந்து ஓடிவந்தது. இங்கிலீஷ் மேல் இவ்வளவு ஆர்வமா என்று எனக்குப் புல்லரித்துவிட்டது.

கட்டு அவிழ்ந்ததுதான் தாமதம், நண்டுகள் மேசையிலிருந்து தொப்தொப்பென்று விழுந்து நாலாபக்கமும் ஓடின. பிள்ளைகள் சட்டென்று பெஞ்சு மேல் ஏறிக்கொண்டார்கள். நான் நாற்காலி மேல். அதிகாரி மட்டும் செருப்புக் காலைத் தரையில் ஊன்றிக் கம்பீரமாக உட்கார்ந்திருந்தார்.

"ஐயையோ!"

கால் கட்டைவிரல். செல்வி குதித்துப் போய் நண்டைப் பின்பக்கமாகப் பிடித்துப் பிரித்தெடுத்தாள். அவர் நொண்டிக்கொண்டே கத்தினார்: "இன்னா கூத்து இது? யாரோட நண்டு இது?"

நண்டைக் கையில் பிடித்தபடியே செல்வி சொன்னாள்: "டீச்சர்ஸ் க்ராப், சார்."

நாள்கணக்காகத் தொண்டை கிழியக் கத்தியும் ‘டீச்சர் க்ராப்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தவள்! அடிப்பாவி, அந்த ‘ஸ்’ உனக்கு இப்போதுதானா வரவேண்டும்? நாற்றங்கால் என் கண்முன்னே வந்து நின்றது.

அதிகாரி காலைத் தடவியபடி கடுகடுவென்று எழுதினார்: ‘மாணவர்களுக்குப் பாடம் புரிந்திருக்கிறது. ஆசிரியைக்கு நண்டு புரியவில்லை.’

வேலை நிலைத்தது. மானம்தான் போனது. இன்றும் என் வீட்டுக்காரர் நண்டு வாங்கப் போனால், விற்கிற அக்கா விடுவதில்லை: "கட்டோட குடுக்கட்டா, இல்ல டீச்சருக்காக அவுத்துக் குடுக்கட்டா?" அவர் அதை வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை விடாமல் சொல்லிச் சிரித்துவிட்டு, நண்டையும் அவரே சமைக்கிறார். நான் அந்த நேரம் கட்டிலைவிட்டுக் காலைக் கீழே வைப்பதில்லை.